மூன்றாவது கூப்பாடு

அன்புள்ள அக்கா,

தொண்டியிலிருந்து எழுதுகிறேன். நண்பர்கள் ஐந்து பேர் வெள்ளிக்கிழமை இரவுகளில் ஒரு செல்போன் கடை மாடியில் கூடி, டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மாதிரி மேசையில் பகடை உருட்டி ஆடும் கற்பனை ஆட்டம் ஆடுகிறோம். கதை நம் கடற்கரையில் நடக்கிறது. நடத்துகிறவன் நான். இதுவரை முப்பத்தொரு பூதங்களைப் படம் வரைந்து எழுதிவிட்டேன். எல்லாவற்றையும் மூன்று சுற்றில் வெட்டிச் சாய்த்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிறார்கள்.

கடைசியாகச் செய்த ‘ஆவுளியரக்கன்’ படத்தை இணைத்திருக்கிறேன். 18 அடி நீளம், மூன்று வரிசைப் பல், நஞ்சு கக்கும், 220 உயிர்ப்புள்ளி (அடி விழ விழக் குறையும், தீர்ந்தால் பூதம் செத்தது). இது போதுமா, ஏற்றவா? புராண அசுரர்களை எடுத்துக்கொள்ளலாமா? ‘மான்ஸ்டர்’ என்பதற்கு நல்ல தமிழ்ச்சொல் எது? இருபத்துநாலு வயதில் விளையாட்டா என்று வீட்டில் திட்டு வேறு.

கா., தொண்டி

அன்புள்ள தம்பி,

போன வாரம் கூரியர்காரப் பையன் என் வாசலில் நின்று பெயரைச் சொல்லி இரண்டு தடவை கூப்பிட்டிருக்கிறான். உள்ளேதான் இருந்தேன். பதில் சொல்லவில்லை. பொட்டலம் திரும்பிப் போய்விட்டது. ஐம்பது வயதுக்காரி இதற்கு என்ன காரணம் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது உங்கள் கடிதம் வந்தது.

முதலில் திட்டிவிடுகிறேன். ஆவுளியா, கடல்பசு என்பார்களே அதுதான், கடலடியில் புல்லாக வளர்கிற தாழையை மேய்கிற பிராணி. சில நிமிடத்துக்கு ஒருமுறை மூச்சுவிட மேலே வரும். ஒரு குட்டி ஈன்றால் அடுத்த குட்டிக்கு மூன்று வருஷமாவது ஆகும், ஏழு வருஷம்கூட ஆகலாம். உங்கள் ஊருக்கு வடக்கே, தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை 2022இல் அதற்கென்றே காப்பகமாக அறிவித்தார்கள். அதன் வாயில் மூன்று வரிசைப் பல் வைக்க உங்களுக்கு எப்படி மனசு வந்தது? கடலையே பார்க்காத ஒருத்தன் செய்திருந்தால் விட்டிருப்பேன்.

பல்லைக் கூட்டினால் பயம் கூடிவிடும் என்று நினைக்கிறீர்கள். 220ஐ 400 ஆக்கினால் மூன்று சுற்று ஆறு சுற்றாகும், டீக்கடையைச் சாத்திவிடுவார்கள், அவ்வளவுதான். நீங்கள் சொல்கிற அந்த ஆட்டத்தை அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974இல் கொண்டுவந்தார்கள். அதில் ஒரு துருப்பூதம் உண்டு. கைகாக்ஸ் வாங்கிவந்த மலிவான பிளாஸ்டிக் பொம்மையைப் பார்த்துப் பிறந்தது. ஆளை அது பெரிதாக ஒன்றும் செய்யாது, இரும்பைத் துருவாக்கித் தின்றுவிடும். நெருப்பு கக்கும் நாகத்தின் முன்னால் நெஞ்சை நிமிர்த்தி நிற்கிற வீரன், இதைக் கண்டதும் கவசத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவான். எதை இழக்க அவனுக்கு மனசு வராது என்று பார்த்துச் செய்திருக்கிறார்கள். உப்புக்காற்றில் கதவுக்கீல் இற்று விழுகிற ஊரில் இருந்துகொண்டு இது உங்களுக்குத் தோன்றவில்லையே.

அசுரர்களைத் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் கோரைப்பல்லை விட்டுவிட்டு வரத்தை எடுங்கள். இரணியன் வாங்கிய வரத்தில் பகல், இரவு, உள்ளே, வெளியே என்று எத்தனை நிபந்தனை இருக்கிறது, எழுதிப் பாருங்கள். தமிழ்ச்சொல்லா? பூதம், பேய், முனி, எது வாயில் வருகிறதோ அது. வீட்டில் திட்டுவது பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. கதை எழுதுவதற்கு என்னை இன்னும் திட்டுகிறார்கள்.

எங்கள் ஊர் கீழக்கரைக்கும் வாலிநோக்கத்துக்கும் நடுவில். அப்பா ஒரு சம்மாட்டியின், அதாவது படகுச் சொந்தக்காரரின், வள்ளத்தில் கூலிக்குப் போனவர். விடிவதற்கு வெகுநேரம் முன்னால் சம்மாட்டியோ கூட்டாளியோ வீடுவீடாக வந்து, “ஏப்பா, கெளம்பு, காத்து விழுந்துருச்சு” என்று எழுப்புவார்கள். கடலில் போய் உடல் கரை சேராதவன் அதே நேரத்தில் கூட்டாளியின் குரலில் வந்து கூப்பிடுவான் என்று ஊரில் நம்பிக்கை. ‘ம்’ என்று ஒரு சத்தம் கொடுத்தாலே போச்சு. பின்னாலேயே நடந்து தண்ணீரில் இறங்கிவிடுவார்கள்.

முதல் கூப்பாடு வந்ததும் அப்பத்தா இருட்டில் எழுந்துபோய் அப்பாவின் வாயைப் பொத்துவாள். “மூணாவது வரட்டும்டா. அதுக்கு ரெண்டுதான் கூப்பிடத் தெரியும்.” நான் பக்கத்தில் பாயில் கிடந்து எண்ணுவேன். இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் கிடக்கிற அந்த அமைதியை நான் இதுவரை எந்தக் கதையிலும் சரியாக எழுதியதில்லை.

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது, முன்கோபக்காரரான சம்மாட்டி இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். அன்றைக்குப் பார்த்து நல்ல பாடு, வலை நிறையச் சாளை மீன். அப்பாவுக்குப் பங்கு இல்லை. இரண்டு நாள் அப்பத்தாவோடு பேசாமல் இருந்தார். மூன்றாம் நாள் இரவு கூப்பாடு வந்தபோது அப்பத்தா எழுந்திருக்கவில்லை. அப்பாவே தன் வாயைப் பொத்திக்கொண்டு கிடந்தார்.

இப்போது உங்கள் மேசைக்கு வருகிறேன். அங்கே சம்மாட்டி பேசினாலும் உங்கள் குரல், பேய் பேசினாலும் உங்கள் குரல். கதை எழுதுகிற எனக்கு இந்த வசதி கிடையாது. யார் சொன்னது என்று நான் எழுதியாக வேண்டும். உங்களுக்கு வேண்டியதில்லை. “ஏப்பா, கெளம்பு” என்று மட்டும் சொல்லிவிட்டுச் சும்மா இருக்கலாம். நண்பர்கள் பழக்கதோஷத்தில் உடனே பதில் சொல்வார்கள். முதல் இரவு ஒன்றும் நடக்க வேண்டாம், சம்மாட்டியே வந்திருக்கட்டும். இரண்டாவது இரவு ஒருவன் பாய் மட்டும் காலியாகக் கிடக்கட்டும். எப்படி என்று சொல்லாதீர்கள். கிழவி ஒருத்தியிடம் அவர்களே கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். அதற்குப் பிறகு மூன்று வரை காத்திருக்கப் பழகுவார்கள். அப்போது சம்மாட்டியை முன்கோபக்காரராக ஆக்குங்கள். காத்திருந்தால் வள்ளம் போய்விடும், பாடு போய்விடும், கையில் காசு இருக்காது. காத்திருக்காவிட்டால் என்ன ஆகும் என்று அவர்களுக்கே தெரியும். இதில் உங்கள் இருபது முகப் பகடைக்கு வேலையே இல்லை. உயிர்ப்புள்ளி ஒன்றுகூட வேண்டாம். குரலை எங்கே வெட்டுவது?

இப்போது எங்கள் ஊரிலும் போனில்தான் எழுப்புகிறார்கள். கூப்பிடுவது யார் என்று திரையிலேயே பெயர் வந்துவிடுகிறது. அப்பா கடலுக்குப் போவதை நிறுத்திப் பல வருஷம் கழித்துத்தான் அவர் கைக்குப் போன் வந்தது. நான் சென்னையிலிருந்து கூப்பிட்டால் மூன்றாவது மணிக்குப் பிறகுதான் எடுப்பார். பெயர் தெரிகிறதே அப்பா என்று ஒருமுறை கேட்டேன். “தெரியுது” என்றார்.

அடுத்த வெள்ளிக்குள் ஆவுளியாவின் பல்லையெல்லாம் பிடுங்கிவிடுங்கள். படம் நன்றாக வந்திருக்கிறது தம்பி. அந்தத் தொங்கு மூக்கும் அதைச் சுற்றிய முரட்டு மீசையும் அப்படியே இருக்கட்டும்.