பிள்ளை பராமரிப்பு நிலையம் யாருக்கு?

அன்புள்ள அக்காவுக்கு,

கொழும்பிலுள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக இருக்கிறேன். எங்கள் பீடத்துப் பெண் விரிவுரையாளர்கள் சேர்ந்து நிருவாகத்துக்கு ஒரு கோரிக்கைக் கடிதம் எழுதுகிறோம். பிள்ளை பராமரிப்பு நிலையம், பாலூட்டும் அறை, பெண் ஊழியர்களுக்குத் தனியான மலசலகூடம், மாலை வகுப்பு முடிந்து வாசல்வரை நடக்கும் பாதைக்கு வெளிச்சம் ஆகியவற்றைக் கேட்கிறோம். சலுகை கேட்பவர்கள் என்ற பெயர் வந்துவிடும் என்று சிலர் தயங்குகிறார்கள். கோரிக்கையைச் சுருக்கினால்தான் கிடைக்கும் என்கிறார்கள் வேறு சிலர். உங்கள் அபிப்பிராயம் என்ன?

ஒரு வாசகி, கொழும்பு 6

அன்புள்ள தங்கைக்கு,

கோரிக்கையைச் சுருக்க வேண்டாம். நீங்கள் கேட்டவற்றுள் எதையும் சலுகை என்று சொல்ல முடியாது. முழுச் சம்பளத்துடன் கிடைக்கும் 84 வேலைநாள் மகப்பேற்று விடுமுறை முடியும்போது குழந்தைக்கு ஏறத்தாழ நான்கு மாதம் ஆகியிருக்கும். ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும் கொடுக்கும்படி சொல்லித்தான் மருத்துவமாது கிளினிக்கிலிருந்து அனுப்புகிறார். அரைச் சம்பளத்தில் இன்னும் 84 நாட்கள் எடுக்கலாம் என்பது உண்மை, ஆனால் வீட்டுக்கடன் கட்டிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு அது ஏட்டளவில் மட்டுமே உள்ள உரிமை. ஆகவே அந்த இரண்டு மாதங்களுக்கும் அதற்குப் பின்னரும் குழந்தையைத் தாய்க்கு அருகே வைத்திருக்க ஓர் இடம் வேண்டும் என்று கேட்பதில் தயங்க ஒன்றுமில்லை.

எனக்கு உறுத்துவது வேறொன்று. "பெண் ஊழியர்கள்" என்று எழுதும்போது நீங்கள் யார் யாரை எண்ணுகிறீர்கள்?

சில வருடங்களுக்கு முன், கொழும்பில் ஒரு பல்கலைக்கழகக் கருத்தரங்குக்குச் சென்றிருந்தபோது, மலசலகூடத்தைத் தேடி நடந்து, படிக்கட்டின் கீழ் இருந்த ஓர் இடுக்கின் முன் நின்றுவிட்டேன். விரித்த அட்டைப்பெட்டியின் மேல் இரண்டு பெண்கள் சோற்றுப் பார்சலைப் பிரித்து வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு கை எட்டும் தூரத்தில் தரை துடைக்கும் வாளியும் பினைல் கலனும் இருந்தன. சுவரில் அடித்த ஆணியில், அவர்கள் காலையில் உடுத்தி வந்த சேலைகள் பொலித்தீன் பையில் மடித்துத் தொங்கின. ஏன் இங்கே இருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன். "இங்க இருந்தா யாரும் ஏச மாட்டாங்க, மிஸ்" என்றார் வடகொழும்பின் முகத்துவாரத்திலிருந்து வரும் பெண். உடை மாற்றுவதும் அவர்கள் கழுவும் அதே மலசலகூடத்துக்குள்தான். அந்தக் கட்டடத்தில் ஆசிரியர்களுக்கென்று குளிரூட்டிய ஓர் அறை இருந்தது.

அவர்களைப் பற்றி நிருவாகத்தில் கேட்டால் "அவர்கள் எங்கள் ஊழியர்கள் அல்லர், ஒப்பந்தக் கம்பனியின் ஆட்கள்" என்ற பதில் ஆயத்தமாக இருக்கும். இந்தப் பதிலை நீங்கள் ஏற்கக்கூடாது. 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம், ஒரு வயது நிறையாத குழந்தைக்குப் பாலூட்டும் தொழிலாளிக்கு ஒன்பது மணித்தியாலத்துக்குள் இரண்டு இடைவேளைகள் கொடுக்கச் சொல்கிறது. வேலைத்தளத்தில் பிள்ளை பராமரிப்பு வசதி இருந்தால் ஒவ்வொன்றும் அரை மணித்தியாலம், இல்லாவிட்டால் ஒரு மணித்தியாலம். ஒரு மணித்தியாலத்துக்குள் பஸ் ஏறி முகத்துவாரத்துக்குப் போய்ப் பாலூட்டிவிட்டுத் திரும்பி வர எந்தத் தாயால் முடியும்? பல்கலைக்கழக வளவுக்குள் நிலையம் ஒன்று இல்லாவிட்டால் சட்டம் கொடுத்த அந்த இடைவேளை அவருக்கு எதற்கும் உதவாது. அப்படியொரு நிலையம் அமைந்தும் அதன் வாசல் விரிவுரையாளர்களின் பிள்ளைகளுக்கு மட்டும் திறந்தால், அதற்காகப் போராடிய உங்களுக்கும் அது பெருமை தராது.

சுத்திகரிப்பு வேலைக்கான விலைமனுவைக் கோருவதும் அதன் நிபந்தனைகளை எழுதுவதும் பல்கலைக்கழகமே. எத்தனை மாடி, எத்தனை ஆட்கள், எந்த வகைப் பினைல் என்றெல்லாம் எழுதத் தெரிந்தவர்களுக்கு, ஊழியர் சேமலாப நிதிக்குச் சம்பளத்தில் 12 சதவீதமும் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 சதவீதமும் கம்பனி செலுத்திய பற்றுச்சீட்டை மாதந்தோறும் காட்டினால்தான் கொடுப்பனவு என்று எழுதுவது சிரமமான காரியமாக இருக்காது. உடை மாற்றவும் உண்ணவும் பூட்டுள்ள ஓர் அறையைப் பல்கலைக்கழகமே ஒதுக்கித் தரும் என்பதையும் அதே பத்திரத்தில் எழுதலாம். பாலியல் தொந்தரவைத் தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு 1995இலேயே குற்றமாக்கிவிட்டது. உங்கள் முறைப்பாட்டுக் குழுவின் கதவு இந்தப் பெண்களுக்கும் திறந்திருக்கிறதா என்பதைக் கேட்டுப் பாருங்கள். நீங்கள் மாலைப் பாதைக்கு வெளிச்சம் கேட்கிறீர்கள். அவர்களோ விடியுமுன் அதே பாதையால் வருகிறார்கள்.

கொழும்புப் பல்கலைக்கழகத்தில் பெண்ணொருவர் முதன்முதலில் உபவேந்தரானது 1999இல், பேராசிரியர் சாவித்திரி குணசேகர அப்பதவியை ஏற்றபோது. அவருக்குப் பின் வந்த உங்களைப் போன்றவர்களின் சொல்லுக்குப் பேரவையில் இன்று ஓரளவு கனம் இருக்கிறது. படிக்கட்டின் கீழ் இருப்பவர் வாய் திறந்தால் அடுத்த நாள் வேலை இருக்காது. அதனால்தான் இந்த வேலையை உங்களிடம் கேட்கிறேன்.

கடிதத்தை அனுப்புமுன் சிங்களத்திலும் தமிழிலும் அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். நாம் நினைத்தும் பார்க்காத ஒன்றை அவர்கள் சேர்க்கச் சொல்வார்கள். அடுத்த விலைமனு எப்போது கோரப்படும் என்பதை வழங்கல் பிரிவில் விசாரித்து வையுங்கள். கடிதம் அதற்கு ஒரு மாதமாவது முந்திப் போய்ச் சேர வேண்டும்.

அன்புடன்,
அக்கா