நேரலைக்கு எவ்வளவு பிட்ரேட்? கோத்தகிரியிலிருந்து ஒரு பதில்

"யூடியூப் நேரலையில் 1080பி வைத்தால் படம் கட்டம் கட்டமாக உடைகிறது, எந்த செட்டிங் சரி?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஓபிஎஸ் (நேரலை அனுப்பும் மென்பொருள்) போட்ட லேப்டாப், ஒரு 4ஜி டாங்கிள், ஏதோ ஒரு விசேஷ வீடு என்று வைத்துக்கொள்கிறேன். கோத்தகிரிப் பக்கம் கல்யாண வீடியோதான் என் பிழைப்பு, அதனால் சொல்கிறேன்.

720பி, நொடிக்கு 30 பிரேம், எச்.264 (வீடியோவைச் சுருக்கும் முறை), பிட்ரேட், அதாவது நொடிக்கு அனுப்பும் தகவலின் அளவு, 2,500 கிலோபிட், சிபிஆர் (அந்த பிட்ரேட் மாறாமல் ஒரே சீராகப் போவது), 2 நொடிக்கு ஒரு கீபிரேம் (முழுப் படமாகப் போகும் பிரேம்). இதில் ஆரம்பியுங்கள். விசேஷம் நடக்கும் இடத்தில், கூட்டம் வந்த பிறகு அப்லோடு வேகத்தை அளந்து பாருங்கள். அதில் பாதிதான் உங்கள் பிட்ரேட். முந்தின ராத்திரி காலி மண்டபத்தில் அளந்தது எதற்கும் உதவாது.

போன வருடம் ஒரு கல்யாணம். பெண் வீட்டார் 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து வந்து இங்கே தேயிலைத் தோட்டத்தில் சேர்ந்த குடும்பம். பாதிச் சொந்தம் இன்னும் இலங்கையில் அட்டன் பக்கம்தான். நேரலையே அவர்களுக்காகத்தான். மாப்பிள்ளையின் சித்தப்பா மகன், பெங்களூரில் ஐடி வேலை, என் லேப்டாப்பை எட்டிப் பார்த்துவிட்டு, "என்னண்ணே, இந்தக் காலத்துல போய் 720-ஆ? 1080, 60 பிரேம் வைங்க" என்றான். அப்லோடு 4 மெகாபிட்டை (4,000 கிலோபிட்) தாண்டவில்லை. நான் 1,800 கிலோபிட்டில் வைத்திருந்தேன். மாற்ற முடியாது தம்பி என்று சொல்லிவிட்டேன். முகூர்த்த நேரத்தில் ஆளாளுக்கு வீடியோ கால் போட்டார்கள், அப்லோடு 2.5 மெகாபிட்டுக்கு இறங்கியது. அட்டனில் தாலி கட்டியதை நிற்காமல் பார்த்தார்கள். கழுத்து மாலையின் பூ இதழ் தெளிவாக இல்லை என்று பிறகு அவன் குறை சொன்னான். இருக்காதுதான்!

காரணம் இதுதான். வீடியோவைச் சுருக்கி அனுப்பும் என்கோடர் ஒவ்வொரு பிரேமையும் முழுசாக அனுப்புவதில்லை, முந்தின பிரேமிலிருந்து மாறியதைத்தான் அனுப்புகிறது. ஸ்டாண்டில் கேமரா அசையாமல் நின்றால் பிட் மிச்சம். மணவறைக்குப் பின்னால் சீரியல் பல்பு மினுக்கினால் எல்லாம் அதற்கே போய்விடும். முதலில் அதை அணைக்கச் சொல்லுங்கள். வெளியே எடுத்தால் எங்கள் ஊர் மூடுபனி ஒரு தொல்லை: அது நகரும்போது பிரேம் முழுக்க மாறும், மெல்லிய சாம்பல் நிறமெல்லாம் பட்டை பட்டையாகிவிடும். வெளிச்சம் குறைவாக இருந்து கேமராவில் கெயின் (படத்தைச் செயற்கையாகப் பிரகாசமாக்குவது) ஏற்றினீர்களானால் புள்ளி புள்ளியாக நாய்ஸ் வரும். அதையும் அசைவு என்றே என்கோடர் எடுத்துக்கொள்ளும். ஒரு எல்இடி விளக்கு போட்டாலே படம் பாதி தேறிவிடும்.

எச்.264-க்கு அடுத்து வந்த எச்.265 போட வேண்டியதுதானே என்று சிலர் வருவார்கள். அதே தரத்துக்கு ஏறக்குறைய பாதி பிட்ரேட் போதும், மறுக்கவில்லை. பழைய லேப்டாப்பில் அதற்கான சிப் இருக்காது, பிராசஸரே செய்ய வேண்டும், திணறும். எச்.264-இலும் அப்படித்தான், பிராசஸரில் ஓடும் எக்ஸ்264 என்கோடரின் பிரீசெட்டை (வேகத்துக்கான செட்டிங்) 'வெரிஃபாஸ்ட்'டிலேயே விடுங்கள். பிரேம் விழுந்தால் ஓபிஎஸ் ஸ்டாட்ஸைத் திறந்து, நெட்வொர்க்கால் விழுந்ததா, என்கோடிங் தாமதத்தால் தவறியதா என்று பாருங்கள். முன்னதற்குப் பிட்ரேட்டைக் குறைக்க வேண்டும். பின்னதற்கு அதைக் குறைத்துப் பிரயோஜனம் இல்லை, பிரீசெட்டை இன்னும் வேகமானதாக மாற்றுங்கள், இல்லையென்றால் ரெசல்யூஷனை இறக்குங்கள். ஃபைபர் இணைப்பு உள்ளவர்கள் தாராளமாக 1080பி போடட்டும், அவர்களுக்கு நான் எழுதவில்லை.

இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். வீடியோக்காரன் கடைசிப் பந்தியில் சாப்பிட்டால் போதும் என்று யார் சட்டம் போட்டது? விடியற்காலை நாலு மணிக்குக் குளிரில் வந்து வயர் இழுக்கிறோம். இலையில் உட்காரும்போது பாயசம் தீர்ந்திருக்கும். தவில்காரர்களுக்கும் இதே கதி.

சரி, ஆடியோவை மட்டும் குறைத்துவிடாதீர்கள். ஏஏசி (ஒலியைச் சுருக்கும் முறை) 128 கிலோபிட் இருக்கட்டும். படம் கொஞ்சம் மங்கினால் ஒன்றும் சொல்லமாட்டார்கள், நாதஸ்வரம் கரகரத்தால் உடனே போன் வரும்.