வீடு, மனை முகவருக்கு உரிமப் பயிற்சி எதற்கு?

பிறருக்காக வீடு, மனை வாங்கி விற்றுக் கொடுப்பவர், உரிமம் பெறும் முன் படிக்கும் குறுகிய கால வகுப்புதான் உரிமப் பயிற்சி. பல நாடுகளில் முடிவில் தேர்வும் உண்டு. காரணம், ஒரு குடும்பத்தின் ஆயுள் சேமிப்பே இவர் சொல்லை நம்பிக் கைமாறுகிறது. விற்பவருக்கு அந்தச் சொத்து யார் யார் கை மாறி வந்தது, பத்திரத்தில் உள்ள நான்கு எல்லைகளும் மனையோடு பொருந்துகின்றனவா, அடமானம் பாக்கி இருக்கிறதா என்று பார்க்கத் தெரியாதவர், வாங்குபவரை வழக்கில் மாட்டிவிடலாம். வகுப்பில் இதில் பாதிகூடக் கைவராது என்பது என் எண்ணம். அதனால்தான் பல இடங்களில் புதியவர் அனுபவமுள்ள தரகரின் கீழ் வேலை பார்க்கிறார். சட்டம் படித்தவர் சீனியர் வக்கீலிடம் ஜூனியராகச் சேர்வது மாதிரி. அப்புறம், பட்டம் இல்லாமல் முடியாது என்று பலர் தயங்குகிறார்கள்; பல இடங்களில் பள்ளிப் படிப்பை முடித்திருந்தாலே போதும்.