பொட்டு வைத்த இடம் வெளுத்தால்...

கேள்வி: கடலூர் முதுநகரில் வசிக்கிறேன். வயது 38. எட்டு மாதங்களுக்கு முன் ஸ்டிக்கர் பொட்டு வைக்கும் இடம் அரித்து, பிறகு வெளுத்தது. அடுத்து செருப்பு வார் படும் மேல்பாதம், இப்போது வலது கை விரல் நுனிகள். கார்போகரிசியை அரைத்துப் பூசி வெயிலில் நின்றேன். பாதத்தில் கொப்புளம் போட்டு வெள்ளை இன்னும் பெரிதாகிவிட்டது. இது குஷ்டமா? மீனை நிறுத்த வேண்டும் என்கிறார் மாமியார். 12 வயது மகளுக்கும் வருமா?

பதில்: குஷ்டம் இல்லை. தொழுநோய் கிருமியால் வருவது. அதில் தோல் சற்று மங்கும், தொட்டால் உணர்ச்சி குறையும். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இது வெண்புள்ளி. கிருமி கிடையாது, ஒட்டாது. ‘வெண்குஷ்டம்’ என்ற பழைய பெயர் செய்த கெடுதல் கொஞ்சமல்ல. தமிழ்நாடு அரசே அந்தச் சொல்லை விட்டு ‘வெண்புள்ளி’ என்று மாற்றிவிட்டது. தேமலாகவும் தெரியவில்லை. தேமலில் நகத்தால் சுரண்டினால் பொடிப்பொடியாகச் செதில் வரும், நிறமும் முழுதாகப் போகாது.

தோலுக்கு நிறம் தரும் மெலனின் அணுக்களை நம் உடலின் எதிர்ப்பு அணுக்களே தாக்கி அழிப்பதுதான் வெண்புள்ளி. உங்கள் விஷயத்தில் தொடங்கிவைத்தது பொட்டாகத்தான் இருக்க வேண்டும். சில ஸ்டிக்கர் பொட்டுகளின் பசையில் பாரா டெர்ஷியரி பியூட்டைல் ஃபீனால் என்ற ரசாயனம் உண்டு. சில ரப்பர் செருப்புகளில் மோனோபென்சோன் இருக்கும். இரண்டுமே மெலனின் அணுக்களைக் கொல்லக்கூடியவை. உடல் முழுக்க வெளுத்துப்போனவர்களுக்கு மிச்சமிருக்கும் நிறத்தையும் எடுக்க மருத்துவர்கள் பயன்படுத்தும் மருந்தே மோனோபென்சோன்தான் என்றால் அதன் வீரியம் புரியும். இப்படித் தொடங்குவது, பட்ட இடத்தோடு நிற்காமல் படாத இடத்துக்கும் பரவலாம். உங்கள் விரல்களில் நடந்தது அதுவாக இருக்கலாம். எனவே இன்றைக்கே ஸ்டிக்கர் பொட்டை எடுத்துவிடுங்கள். ‘வேறு பிராண்ட்’ என்று சோதனை செய்ய வேண்டாம். ரப்பர் வாருக்குப் பதில் துணி வார் வைத்த செருப்பு போடுங்கள்.

கார்போகரிசியில் உள்ளது சோராலென். வெயில் பட்டால் தோலைப் பொசுக்கும் பொருள் அது. அளவறிந்து, குறித்த ஒளியில், மருத்துவர் மேற்பார்வையில் கொடுத்தால் மருந்து. மொட்டை மாடி வெயிலில் நின்றால் தீக்காயம். வெண்புள்ளிக்காரர்களுக்குக் காயம் பட்ட இடமே புதிதாக வெளுக்கும் குணம் உண்டு. கொப்புளத்துக்குப் பின் வெள்ளை பெரிதானது அதனால்தான். குளிக்கும்போது நார் போட்டுத் தேய்ப்பது, பாவாடை நாடாவை இறுக்கிக் கட்டுவது, இவையும் அதே வேலையைச் செய்யும்.

தோல் மருத்துவர் உட்ஸ் விளக்கு என்ற ஊதா விளக்கை இருட்டறையில் அடித்துப் பார்ப்பார். வெண்புள்ளி சுண்ணாம்பு பூசியதுபோல் பளிச்சென்று தெரியும். ரத்தத்தில் டி.எஸ்.எச். பாருங்கள், வெண்புள்ளியோடு தைராய்டு கோளாறு சேர்ந்து வருவது சகஜம்.

நெற்றிக்கு டாக்ரோலிமஸ் 0.1% களிம்பு, காலையும் இரவும். முதல் வாரம் எரியும். அலர்ஜி என்று நினைத்துப் பலர் அதோடு விட்டுவிடுகிறார்கள். தானே அடங்கும். பாதத்துக்கு, கொப்புளம் முழுதாக ஆறிய பிறகு, மோமெட்டசோன் 0.1%, இரவில் ஒரு முறை, மாதத்தில் 15 நாள் போட்டு 15 நாள் விட்டு, ஆறு மாதம் வரை. அளவு: ஆள்காட்டி விரலின் கடைசி மடிப்பிலிருந்து நுனி வரை பிதுக்கினால் அரை கிராம், விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு அது போதும். இவற்றை நேரில் பார்த்த மருத்துவர் எழுதித்தர வேண்டும். மெடிக்கல் ஷாப்பில் ‘படைக்கு நல்லது’ என்று தரும் கலப்பு களிம்புகளில் வீரியமான ஸ்டீராய்டு இருக்கும். முகத்தில் போட்டால் தோல் மெலிந்து நரம்பு தெரியும்.

புதிது புதிதாக வந்துகொண்டே இருப்பதால் களிம்போடு ஒளி சிகிச்சையும் தேவைப்படலாம். 311 நானோமீட்டர் புற ஊதா ஒளி, வாரம் மூன்று நாள், அடுத்தடுத்த நாட்களில் அல்ல. பெரும்பாலும் 200 மில்லிஜூலில் தொடங்கி, ஒவ்வொரு தடவையும் 10 முதல் 20 சதவீதம் ஏற்றுவார்கள். மறுநாள் இளஞ்சிவப்பாகி, அன்றே மறைந்தால் அளவு சரி. சிவப்பு இரண்டு நாளுக்கு மேல் நின்றால், கொப்புளம் வந்தால் சொல்லிவிடுங்கள், ஏற்றக் கூடாது. ஒரு வாரத்துக்கு மேல் விட்டுப்போனால் பழைய அளவிலேயே தொடரக் கூடாது, குறைக்க வேண்டும். மூன்று வாரம் தாண்டினால் முதலிலிருந்துதான். 48 தடவை முடிவதற்குள் ‘பலனில்லை’ என்று முடிவு கட்டாதீர்கள். அது நான்கு மாதக் கணக்கு. கடலூரிலிருந்து வாரம் மூன்று முறை கோரிமேடு ஜிப்மருக்குப் பஸ் ஏறுவது சிரமம் என்றால், சிறு இடங்களுக்குக் கையடக்க விளக்கை வீட்டிலேயே பயன்படுத்தலாமா என்று கேளுங்கள்.

நிறம் திரும்புவது மயிர்க்கால்களிலிருந்து. அங்கே பதுங்கியிருக்கும் நிறமி அணுக்கள் மேலே ஏறி வரும். வெள்ளைக்கு நடுவில் கடுகு கடுகாகப் பழுப்புப் புள்ளி தெரிந்தால் மருந்து பிடித்துவிட்டது என்று அர்த்தம். அதனால் நெற்றி நன்றாகவே தேறும். விரல் நுனியில் முடி ஏது? அங்கே பலன் குறைவு என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஓராண்டு புதிதாக எதுவும் வராமல் நின்றால், தொடைத் தோலை எடுத்து ஒட்டும் அறுவை சிகிச்சை பற்றிப் பேசலாம். விரல் நுனியில் அதுவும் சுமாராகத்தான் பிடிக்கும். மாதம் ஒரு தடவை, அதே ஜன்னல் வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்துப் போட்டோ எடுத்துவையுங்கள். தினம் கண்ணாடி பார்த்தால் மாற்றம் தெரியாது.

மீனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மீனும் தயிரும் சேர்ந்தாலும் இல்லை, எலுமிச்சையும் இல்லை. துறைமுகத்துப் பக்கத்தில் இருந்துகொண்டு சங்கரா குழம்பைத் தியாகம் செய்ய ஒரு காரணமும் கிடையாது.

மகளுக்கு? பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு நூற்றில் ஆறேழு. வரவே வராது என்று சொல்ல முடியாது. வராமல் போகத்தான் வாய்ப்பு அதிகம். அவளுக்கும் ஸ்டிக்கர் பொட்டு வேண்டாம். மருதாணி, வீட்டில் அரைத்தது என்றால் தாராளமாக வைக்கட்டும். சட்டென்று கறுக்கும் கறுப்பு கோன் மட்டும் வேண்டாம். அதில் தலைச்சாய ரசாயனம் கலந்திருக்கும். அலர்ஜியாகிக் கொப்புளம் போட்டு, ஆறிய இடம் வெளுத்துப்போவதும் உண்டு.