ரீ: 'டீன் ஸ்பிரிட்' தமிழ்ல என்னனு போடறது?
ப்ரோ, அமெரிக்க ராக் பேண்ட் நிர்வானாவோட பாட்டு 'ஸ்மெல்ஸ் லைக் டீன் ஸ்பிரிட்'ட 'இளமை ஆவியின் வாசம்'னு போட்டா பேய்ப்படம் மாதிரி இருக்கேன்னு கேட்டிருக்கீங்க, சிரிச்சுட்டேன் 😄 டீன் ஸ்பிரிட்ங்கறது அமெரிக்கால பொண்ணுங்க அக்குள்ல போடற டியோடரன்ட்டோட பேருங்க. பிகினி கில்ங்கற பேண்டோட பாடகி கேத்லீன் ஹன்னா ஒரு நைட்டு போதைல நிர்வானா பாடகர் கர்ட் கோபெய்ன் ரூம் சுவத்துல 'கர்ட் மேல டீன் ஸ்பிரிட் வாடை அடிக்குது'ன்னு கிறுக்கிட்டாங்க, கர்ட்டோட கேர்ள்ஃப்ரெண்ட் போடறது அதான், அந்த கிண்டல். மனுஷன் என்னடான்னா அத ஏதோ புரட்சி கோஷம்னு நெனச்சு 1991ல வந்த பாட்டுக்கே பேரா வச்சுட்டார், டியோடரன்ட்னு தெரிஞ்சதே பாட்டு ரிலீஸாகி சில மாசம் கழிச்சுதானாம். பாட்டு வரில எங்கயும் இந்த தலைப்பு வராது, அதனால மொழிபெயர்க்காம அப்படியே தமிழ் எழுத்துல போட்டு கீழ சின்னதா குறிப்பு குடுத்துடுங்க. அந்த 'ஆவி'ய மொதல்ல தூக்குங்க.