கிரனோலாவுக்கு மூடியைத் திறந்து வையுங்கள்

கேள்வி: லண்டனில் இருக்கும் அக்கா நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தபோது ஒரு ஸ்லோ குக்கர் கொண்டுவந்து தந்தார். கிரனோலா என்ற வறுத்த ஓட்ஸ் சிற்றுண்டி செய்ய, ஓட்ஸ், கச்சான், தேன் எல்லாவற்றையும் அதில் போட்டு மூடி நாலு மணித்தியாலம் விட்டேன். திறந்தால் களி மாதிரி இருக்கிறது. கிரனோலா மொறுமொறுவென்று வர என்ன செய்ய வேண்டும்?
- மானிப்பாய் வாசகி

பதில்: பிழை மூடியில்தான், தங்கச்சி. குறைந்த சூட்டில், ஆவியை வெளியே விடாமல், நேரமெடுத்துச் சமைப்பதுதான் ஸ்லோ குக்கரின் வேலை. மூடியில் முட்டுகிற ஆவி தண்ணீராகி உள்ளேயே சொட்டும். இறைச்சிக் கறிக்கு அது நல்லது, ஆனால் கிரனோலாவில் ஈரம் முழுக்க வெளியேறினால்தான் மொறுமொறுப்பு வரும். அதனால் மூடிக்கும் பானைக்கும் நடுவில் ஒரு அகப்பைக் காம்பைக் குறுக்கே வைத்து, விரல் அளவு இடைவெளி விடுங்கள்.

ரோல்ட் ஓட்ஸ் நாலு கப், வறுத்த கச்சானோ உடைத்த கஜுவோ ஒரு கப், எள்ளு கால் கப், ஒரு சிட்டிகை உப்பு, தேங்காயெண்ணெய் கால் கப், பாணி (தேனோ பனங்கட்டிப் பாணியோ) கால் கப்புக்குச் சற்றுக் கூட. உடனே கரையும் ஓட்ஸ் வேண்டாம், மாவாகிவிடும். எனக்குத் தேனைவிடப் பனங்கட்டிதான் பிடிக்கும். குட்டானில் இருந்து எடுத்து உடைத்து, கொஞ்சத் தண்ணீரில் கரைத்து, மண் கிடக்கும் என்பதால் துணியில் வடித்து, திரும்ப அடுப்பில் வைத்துத் தேன் பதத்துக்கு வற்றவிட்டுத்தான் ஊற்ற வேண்டும். தண்ணியாக ஊற்றினால் அந்த ஈரத்தையும் சேர்த்துக் காயவைக்க வேண்டிவரும்.

சூட்டை ஹையில் வைத்து, அரை மணிக்கொரு தடவை அடியையும் ஓரத்தையும் வழித்துக் கிளறுங்கள். ஓரம்தான் முதலில் கருகும், ஆகவே கடைசி ஒரு மணித்தியாலம் இன்னும் அடிக்கடி கிளற வேண்டும். இரண்டு, இரண்டரை மணித்தியாலத்தில் பொன்னிறமாகி வறுத்த மணம் வரும். அந்த நேரம் வாயில் போட்டால் மெத்தென்றுதான் இருக்கும், அதைப் பார்த்து மேலும் விட்டுவிடாதீர்கள். எள்ளுப்பாகு ஆற ஆறத்தானே இறுகுகிறது, இதுவும் அப்படித்தான். பெரிய தட்டில் மெல்லிசாகப் பரப்பி ஆறவிடுங்கள். முந்திரிகை (திராட்சை) வற்றலை ஆறின பிறகு சேருங்கள், முன்னமே போட்டால் கல்லாகிவிடும்.

இளஞ்சூட்டோடு போத்தலில் அடைத்தால் உள்ளே வியர்த்து எல்லாம் நமுத்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சின்னப் போத்தல்களாகப் பிரித்து வைப்பது நல்லது. அப்படியும் நமுத்துப்போனால் தாச்சியில் இளஞ்சூட்டில் ஐந்து நிமிடம் பிரட்டி எடுங்கள், சரியாகிவிடும்.

கேள்வி: கனடாவில் இருந்து வந்த குக்கரின் அடியில் 120 வோல்ட் என்று இருக்கிறது. பிளக்கை மாற்றினால் போதுமா?
- கொக்குவில் வாசகர்

பதில்: போதாது, தம்பி. எங்கள் மின்சாரம் 230 வோல்ட். பிளக்கை மட்டும் மாற்றிச் செருகினால் சூடேற்றும் கம்பி தனக்குரிய அளவைப்போல் மூன்று மடங்குக்கு மேல் மின்வலுவை இழுத்து எரிந்துவிடும், நெருப்புப் பிடிக்கவும் கூடும். 230ஐ 120 ஆகக் குறைக்கும் டிரான்ஸ்போமர் வேண்டும், அதுவும் குக்கரில் போட்டிருக்கும் வாட்ஸைவிடக் கூடுதலாகத் தாங்கக்கூடியதாக.

கேள்வி: அப்பாவுக்குச் சீனி வருத்தம். பனங்கட்டி போட்ட கிரனோலா என்றால் பயமில்லைதானே, அக்கா?
- சாவகச்சேரி வாசகி

பதில்: அப்படிச் சொல்ல முடியாது, பிள்ளை, கவனம் வேண்டும். வெள்ளைச் சீனிக்குப் பதில் பனங்கட்டி என்று எங்கள் வீடுகளில் தாராளமாகக் கொடுக்கிறோம், ஆனால் அதிலும் பெரும்பங்கு சீனிதான். சுகதேகிகளுக்கே உணவில் சேர்க்கும் சீனி நாளுக்கு ஏறக்குறைய 50 கிராமைத் தாண்டக் கூடாது, 25க்குள் நின்றால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. தேனும் பாணியும் அந்தக் கணக்குக்குள்தான் வரும்.

ஓட்ஸில் நன்மை இல்லாமல் இல்லை. அதிலுள்ள பீட்டா குளுக்கான் என்ற நார்ச்சத்து நாளுக்கு 3 கிராம் கிடைத்தால் கொலஸ்ட்ரோலைக் குறைக்க உதவும். ஆனால் ஓட்ஸும் மாச்சத்துத்தான், அளவில்லாமல் சாப்பிட முடியாது. அப்பாவுக்குச் செய்யும்போது பாணியைப் பாதியாக்கி, கறுவாத்தூள் ஒரு தேக்கரண்டி போடுங்கள், வற்றலை விட்டுவிடுங்கள். கட்டியாகச் சேராமல் உதிரியாக வரும், ருசி குறையாது. கால் கப் அளந்து, சீனி போடாத தயிரோடு கொடுங்கள். முதல் இரண்டு மூன்று நாள் சாப்பிட்டு இரண்டு மணித்தியாலம் கழித்து விரலில் குத்திச் சீனியைப் பார்த்து எழுதி வைத்து, அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது அந்தக் கொப்பியையும் கொண்டுபோய் டொக்டரிடம் காட்டுங்கள்.