அவர் இன்னும் உங்கள் தோழிதான்

கேள்வி: நானும் என் தோழியும் ரொம்ப நெருக்கம். எங்கள் பிள்ளைகள் ஒரே வகுப்பு. பிள்ளை சாப்பிட மறுப்பது, தூங்க மறுப்பது, வீட்டுப்பாட அடம் என்று எல்லாவற்றையும் தினமும் பேசிக்கொள்வோம். சமீபத்தில் அவளுக்கு மார்பில் ஒரு கட்டி தெரிந்து, பயாப்ஸி (புற்றுநோயா என்று பார்க்கக் கட்டியிலிருந்து துளி திசு எடுத்துச் செய்யும் பரிசோதனை) எடுத்திருக்கிறார்கள். முடிவு இன்னும் வரவில்லை. விஷயம் தெரிந்ததுமே, “என்ன வேணும்னாலும் தயங்காம சொல்லு” என்றேன். இதுவரை எதுவும் கேட்கவில்லை. அவள் இருக்கும் நிலையில் என் பையனைப் பற்றிய புலம்பல் அற்பமாகத் தெரிவதால் அதையும் நிறுத்திவிட்டேன். இப்போது போன் செய்தால் பேச எதுவும் இருப்பதில்லை. நேற்று “நீயும் மாறிட்ட” என்றாள். நான் என்ன தப்பு செய்தேன்?
— ஒரு வாசகி

பதில்: மாறிவிட்டீர்கள். அவர் சொன்னது சரிதான். அக்கறையால்தான் அப்படிச் செய்தீர்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அவர் பக்கத்திலிருந்து பாருங்கள். பரிசோதனை என்ற சொல் வீட்டுக்குள் வந்த நாளிலிருந்து எல்லோரும் குரலைத் தாழ்த்திப் பேசியிருப்பார்கள். சண்டை போடுகிறவர்கள் சண்டையை நிறுத்தியிருப்பார்கள். பழையபடி பேச அவருக்கு மிச்சமிருந்த ஆள் நீங்கள். நீங்களும் குரலைத் தாழ்த்திக்கொண்டீர்கள். முடிவு வருவதற்கு முன்பே அவரை நோயாளியாக்கிவிட்டீர்கள்.

உங்கள் பையனின் அடம் அற்பமான விஷயம் என்று யார் சொன்னது? இவ்வளவு நாளும் அதற்கு வழி சொன்னவர் அவர்தானே. இன்று அவருக்குக் கட்டி இருக்கிறது என்பதற்காக, பிள்ளை வளர்ப்பில் அவருக்குத் தெரிந்தது எதுவும் குறைந்துபோகவில்லை. அறிவுரை கேட்கப்படுகிற ஆளாக இருப்பது ஒரு மனுஷிக்குப் பெரிய பிடிமானம். அதை அவர் கையிலிருந்து பிடுங்காதீர்கள். இன்றே போன் செய்யுங்கள். “பையன் ராத்திரி பதினோரு மணி வரைக்கும் தூங்கல, எனக்குப் பைத்தியமே பிடிச்சிடும் போல” என்று எப்போதும் போல ஆரம்பியுங்கள். அவருக்குக் கேட்கத் தெம்பு இல்லையென்றால் அவரே சொல்வார். அந்த முடிவை அவரிடம் விடுங்கள்.

இதில் ஒரு எல்லை உண்டு. 2013-ல் லாஸ் ஏஞ்சலீஸ் டைம்ஸ் நாளிதழில் சூசன் சில்க் என்ற உளவியலாளரும் பேரி கோல்ட்மன் என்பவரும் சேர்ந்து எழுதிய ஒரு சிறு கட்டுரை இதைத் தெளிவாகச் சொல்கிறது. சூசன் சில்க் தானே மார்பகப் புற்றுநோய் சிகிச்சையை அனுபவித்தவர். துன்பத்தில் இருப்பவரை நடுவில் வைத்து வட்டம் வட்டமாகப் போடச் சொல்கிறார்கள். மிக நெருங்கியவர்கள் முதல் வட்டம், அடுத்து உறவும் நட்பும், அதற்கு வெளியே மற்றவர்கள். ஆறுதல் உள்நோக்கிப் போக வேண்டும். புலம்பல் வெளிநோக்கித்தான் போக வேண்டும். அதாவது, “உனக்கு ஏதாவது ஆயிடுச்சுன்னா நான் என்ன செய்வேன்” என்று அவரிடமே அழக்கூடாது. அவர் கணவரிடமும் கூடாது. அந்தப் பயம் உங்களுக்கு இருப்பது நியாயம். அதை உங்கள் கணவரிடமோ அக்காவிடமோ கொட்டுங்கள். ஆனால் இந்த விதி அவருடைய நோயைப் பற்றிய உங்கள் பயத்துக்குத்தான். உங்கள் பையன் ஷூவை எங்கே தொலைத்தான் என்ற கதைக்கு இது பொருந்தாது. நீங்கள் இரண்டையும் ஒன்றாகக் கட்டி, ஒரேயடியாக வாயை மூடிக்கொண்டீர்கள்.

அடுத்தது, “என்ன வேணும்னாலும் சொல்லு.” எல்லோரும் சொல்வதுதான், நல்ல மனதோடு சொல்வதுதான். ஆனால் கேட்பவர் தலையில் அது ஒரு வேலையை ஏற்றுகிறது. அவர் தனக்கு என்ன தேவை என்று யோசிக்க வேண்டும், அதை யாரிடம் கேட்கலாம் என்று யோசிக்க வேண்டும், உங்களுக்குச் சிரமமாக இருக்குமோ என்று தயங்க வேண்டும், அப்புறம் வாய் திறந்து கேட்கவும் வேண்டும். முடிவுக்காகக் காத்திருக்கிறவருக்கு அதற்கெல்லாம் தெம்பு இருக்காது. எதுவும் கேட்கவில்லை என்று அவர்மேல் உங்களுக்கு மனத்தாங்கல் இருந்தால், தயவுசெய்து அதை இன்றோடு விட்டுவிடுங்கள்.

கேட்கும் வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். ‘ஆமாம்’ என்றோ ‘வேண்டாம்’ என்றோ ஒரே வார்த்தையில் பதில் சொல்கிற மாதிரி கேளுங்கள். “வியாழக்கிழமை நான் ரெண்டு பேரையும் ஸ்கூல்லேருந்து கூட்டிட்டு வந்து ஏழு மணி வரைக்கும் வெச்சுக்கறேன், சரியா?” இதற்குப் பதில் சொல்வது சுலபம். ‘வேண்டாம்’ என்றால் கோபித்துக்கொள்ளாமல் அடுத்த வாரம் மறுபடி கேளுங்கள்.

இதற்கு முன்வேலையும் தேவை. பதிவில் பெயர் இல்லாதவர்களுடன் பிள்ளையை அனுப்பாத பள்ளிகள் பல. மருத்துவமனையில் தாமதமாகிற நாளில் வாசலில் நின்று இதைக் கண்டுபிடிக்கக்கூடாது. உங்கள் பெயரை இப்போதே எழுதிக் கொடுத்துவிடச் சொல்லுங்கள். குழந்தைக்கு என்ன ஒவ்வாமை, என்ன மருந்து, தூங்கும்போது எந்தப் பொம்மை வேண்டும் என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பதிலுக்கு உங்கள் பையனைப் பற்றிய தாளையும் அவரிடம் கொடுங்கள். இது ஒப்புக்குச் சொல்வதில்லை. நாளைக்கு உங்களுக்கே காய்ச்சல் வந்து படுத்தால், அவர்தானே வருவார்?

முடிவு சொல்லும் நாளில் அவரோடு போக முடியுமா என்று கேளுங்கள். கணவர் போகிறார் என்றால் நல்லது. யாராவது ஒருவர் போக வேண்டும், அவ்வளவுதான். ராய் கெஸ்ஸல்ஸ் என்ற ஆய்வாளர் 2003-ல், நோயாளிகளின் நினைவைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து எழுதினார். மருத்துவர் சொல்வதில் 40 முதல் 80 சதவீதம் வரை உடனே மறந்துபோகிறதாம். நினைவில் இருப்பதாக நினைப்பதிலும் ஏறக்குறைய பாதி தவறாக இருக்கிறதாம். பயந்துபோன மனதுக்கு முதல் வாக்கியத்துக்குப் பிறகு எதுவும் காதில் ஏறாது. அதனால் கூடப் போகிறவர் ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துப் போகட்டும். என்ன பெயர் சொன்னார்கள், அடுத்து என்ன பரிசோதனை, எப்போது, சந்தேகம் வந்தால் யாரைக் கூப்பிடுவது என்பதை எழுதட்டும். ரிப்போர்ட்டின் நகலைக் கேட்டு வாங்கட்டும். கூடப் போகிறவர் மருத்துவரிடம் தன் சந்தேகங்களை விவாதிக்கத் தேவையில்லை. எழுதினால் போதும்.

குழந்தையின் விஷயத்தில் மிகுந்த கவனம் வேண்டும். அம்மாவுக்கு உடம்புக்கு என்ன என்று அவர் தன் குழந்தையிடம் என்ன சொல்லியிருக்கிறார், எந்தச் சொல்லைப் பயன்படுத்தியிருக்கிறார் என்று முதலில் அவரிடம் கேளுங்கள். நீங்களும் அதே சொல்லை, அதே அளவுக்கு மட்டும் பேசுங்கள். உங்கள் பையனிடம் நீங்கள் சொன்னது மறுநாளே வகுப்பறைக்குப் போய்விடும் என்பதையும் நினைவில் வையுங்கள். சின்னக் குழந்தைகள், தாங்கள் செய்த குறும்பினால்தான் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று நினைத்துக்கொள்வது உண்டு. வெளியே சொல்லவும் மாட்டார்கள். அந்தக் குழந்தை உங்கள் வீட்டில் இருக்கும்போது திடீரென்று அதிகச் சமத்தாக மாறினால், “நல்ல பிள்ளை” என்று பாராட்டிவிட்டு நகராதீர்கள். கவனித்து அம்மாவிடம் சொல்லுங்கள். “இது யாராலும் வந்ததில்லை, உன்னால் வந்ததே இல்லை” என்று அந்தக் குழந்தைக்கு யாராவது வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கும்.

சொல்லக்கூடாததையும் சொல்லிவிடுகிறேன். “ரிசல்ட் வந்துருச்சா?” என்று தினமும் கேட்காதீர்கள். வந்தால் சொல்வார். உங்கள் பெரியம்மாவுக்கு என்ன ஆனது என்ற கதை எந்த விதமாக முடிந்திருந்தாலும் வேண்டாம். மறுபரிசோதனைக்கு அழைக்கப்படுகிற பெண்களில் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இருப்பதில்லை என்பது உண்மை. மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரேவுக்குப் பிறகு மறுபடி அழைக்கப்படுகிறவர்களில் பத்தில் ஒருவருக்கும் குறைவாகவே புற்றுநோய் உறுதியாகிறது என்று அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் சொல்கிறது. ஆனால் பயாப்ஸி வரை போயிருக்கும் உங்கள் தோழிக்கு அந்தக் கணக்கு எவ்வளவு பொருந்தும் என்று அவருடைய மருத்துவர்தான் சொல்ல வேண்டும். நீங்கள் அதை அவர் வாயை அடைக்கப் பயன்படுத்தாதீர்கள்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது இன்னொரு வாக்கியம்: “தைரியமா இருந்தா ஒண்ணும் ஆகாது.” ஜேம்ஸ் கோய்ன் குழுவினர் 2007-ல் வெளியிட்ட ஆய்வில், தலை, கழுத்துப் பகுதிப் புற்றுநோய் இருந்த 1,093 பேரைப் பின்தொடர்ந்தார்கள். அவர்களின் மனநிலைக்கும் அவர்கள் எவ்வளவு காலம் வாழ்ந்தார்கள் என்பதற்கும் தொடர்பு தெரியவில்லை. தைரியம்தான் மருந்து என்று நாம் சொல்லிவிட்டால், பயப்படுகிற ஒவ்வொரு ராத்திரியும் அவருக்குக் குற்றமாகிவிடும். “பயமா இருக்கு” என்று அவர் சொன்னால் “ஆமாம், பயமாத்தான் இருக்கும்” என்று சொல்லிவிட்டு, அவர் மேலே பேசட்டும் என்று பேசாமல் இருங்கள்.

முடிவு புற்றுநோய் என்று வந்தால், எல்லோரும் ஓடி வருவார்கள். முதல் பதினைந்து நாள் வீடு நிரம்பியிருக்கும். சிகிச்சையோ மாதக்கணக்கில் நடக்கும். நீங்கள் கூட்டம் குறைந்த பிறகு தேவைப்படுகிற ஆள். அதனால் உங்கள் லீவையும் தெம்பையும் முதல் வாரத்திலேயே தீர்த்துவிடாதீர்கள். வாரத்துக்கு ஒரு குறிப்பிட்ட நாளை எடுத்துக்கொண்டு, கடைசி வரை அதைக் காப்பாற்றுங்கள்.

முடிவு நல்லபடியாக வந்தால்? அப்போதுதான் பல தோழிகள் தவறிவிடுகிறார்கள். “அப்பாடா, ஒண்ணுமில்ல” என்று அந்தப் பேச்சையே மூடிவிடுகிறார்கள். டென்மார்க்கில் நடந்து 2013-ல் வெளியான ஓர் ஆய்வு இதைப் பார்த்திருக்கிறது. மேமோகிராமில் சந்தேகம் என்று சொல்லப்பட்டு, பிறகு புற்றுநோய் இல்லை என்று உறுதியான பெண்கள், முதலிலேயே ஒன்றுமில்லை என்று கேட்டவர்களைவிட அதிக மனவேதனையில் இருந்தார்கள். மூன்று ஆண்டுகள் கழித்தும் அந்த வித்தியாசம் முழுதாக மறையவில்லை. ஆகவே நல்ல முடிவு வந்த பிறகும் உங்கள் தோழி தூங்காமல் இருந்தால், எரிச்சல்பட்டால், காரணமில்லாமல் அழுதால் ஆச்சரியப்படாதீர்கள். “அதான் ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாங்களே” என்று சொல்லாதீர்கள். ஆறு மாதம் கழித்து வந்து மறுபடி பார்க்கச் சொன்னால், அந்தத் தேதியை உங்கள் போனிலும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். அந்த வாரம் அவர் வாய் திறக்கும் முன்பே, பிள்ளைகள் இரண்டு பேரையும் நீங்கள் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிடுங்கள்.